கண்ணீருக்குள் ஒரு கத்தரிக்கோல்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



'என்ஜினியரிங்' என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மெக்கானிக்கல்காரனுக்கு லேத். சிவில்காரனுக்கு கான்கிரீட் கலவை. எலக்ட்ரிகல்காரனுக்கு மோட்டார் வைண்டிங். எல்லாமே கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, அளந்து செய்கிற வேலைகள்.

கண்ணுக்கே தெரியாத ஒரு ஜாப்பை எடுத்து, அதன் டிராயிங்கைத் திருத்தி, திருத்திய ஜாப்பை லட்சம் கோடிக் கணக்கில் செய்து தள்ளுகிற என்ஜினியரிங்கும் ஒன்று இருக்கிறது. அந்த ஜாப் எவ்வளவு சின்னது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் துண்டாகப் போட்டால் அதில் ஒரு துண்டு! நம் வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 மில்லிமீட்டர்தான். அதை வைத்து இதை அளக்க நினைப்பது, லாரி எடை மேடையில் மூக்குத்தியை நிறுப்பது மாதிரி.

அந்த ஜாப்பின் பெயர் லைசோசைம். நம் உடம்பே தயாரிக்கும் ஒரு புரதம். பாக்டீரியாவைக் கொல்வது அதன் வேலை. அதை மரபணுப் பொறியியல் மூலம் எப்படிச் செய்கிறார்கள், எப்படிக் கூர் தீட்டுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"பத்தாம் வகுப்போடு பயாலஜிக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தவர்கள் நாம். நமக்கு எதற்கப்பா இது?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒர்க்ஷாப்பில் நாம் பேசுகிற பாஷையிலேயே சொல்லிவிடலாம்.

சளி பிடித்ததால் வந்த கண்டுபிடிப்பு

1921-ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். லண்டனில் செயின்ட் மேரீஸ் மருத்துவமனை. அங்கே அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற மருத்துவருக்குச் சளி பிடித்திருந்தது. நமக்குச் சளி பிடித்தால் என்ன செய்வோம்? மூக்கைச் சிந்திவிட்டு ஆவி பிடிப்போம். அவர் தன் மூக்குச் சளியில் கொஞ்சம் எடுத்து, பாக்டீரியா வளர்க்கும் தட்டில் வைத்துப் பார்த்தார்!

தட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு வகை பாக்டீரியா கூட்டம் கூட்டமாக வளர்ந்தது. ஆனால் சளி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் அந்தக் கூட்டம் கரைந்து போயிருந்தது. ஏன்? சளியில் ஏதோ இருக்கிறது. அடுத்து கண்ணீரைச் சோதித்தார். அதிலும் இருந்தது. எச்சிலில் இருந்தது. முட்டையின் வெள்ளைக் கருவில் ஏராளமாக இருந்தது. சோதனைக்குக் கண்ணீர் வேண்டுமே! எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் பிழிந்துகொண்டு அழுதிருக்கிறார்கள் அவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும்.

1922-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 'லைசிஸ்' என்றால் உடைந்து கரைவது. 'என்சைம்' என்றால் நொதி. இரண்டையும் சேர்த்து 'லைசோசைம்' என்று பெயர். ஆறு வருடம் கழித்து 1928-இல் பென்சிலினைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவரும் இதே ஃபிளெமிங்தான். பென்சிலின் உலகம் முழுக்கத் தெரிந்தது, அவருடைய மூத்த பிள்ளையான லைசோசைமைப் பல பேருக்குத் தெரியாமலே போச்சு. காரணம், அது எளிதாகக் கொன்றது பெரும்பாலும் நமக்கு நோய் தராத பாக்டீரியாக்களைத்தான்.

டயரைக் கிழித்தால் டியூப் என்ன ஆகும்?

சரி, அது எப்படிக் கொல்கிறது? சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே டியூப், வெளியே டயர். டியூப் மெல்லியது. காற்றழுத்தத்தைத் தாங்குவது டயர்தான். பாக்டீரியாவும் அப்படித்தான். உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு, அது டியூப். அதைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு, அது டயர். பாக்டீரியாவுக்குள்ளே உப்பும் சத்துப் பொருளும் அடர்த்தியாக இருப்பதால் தண்ணீர் எப்போதும் உள்ளே நுழையப் பார்க்கும். அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். சில வகைகளில் இது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 20 மடங்கு வரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாய்லர் ஷெல் மாதிரி சுவர் தாங்கிப் பிடிப்பதால்தான் அது வெடிக்காமல் இருக்கிறது.

இந்தச் சுவர் எதனால் ஆனது? இரண்டு வகைச் சர்க்கரைகள் ஒன்று மாற்றி ஒன்றாகக் கோத்த நீளமான சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே இணைக்கும் சின்னச் சின்ன கொக்கிகள். மொத்தத்தில் பார்த்தால் ஒரு வலைப்பை. லைசோசைம் இந்தச் சங்கிலியில் இரண்டு சர்க்கரைக்கு நடுவே உள்ள பிணைப்பை வெட்டுகிறது. ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று வெட்டிக்கொண்டே போனால் டயர் கிழிகிறது. டியூப் பிதுங்குகிறது. பட்டென்று வெடிக்கிறது. அவ்வளவுதான், பாக்டீரியா காலி!

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பென்சிலினும் சுவரைத்தான் குறி வைக்கிறது. ஆனால் அது சுவர் கட்டுகிற கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. புதுச் சுவர் எழும்பாது. லைசோசைமோ கட்டி முடித்த சுவரையே இடிக்கிறது. நம் உடம்புச் செல்களுக்கு இப்படிப்பட்ட சுவரே கிடையாது. அதனால் இந்தக் கத்தரிக்கோல் நம்மை வெட்டுவதில்லை.

1965-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர், கோழிமுட்டை லைசோசைமின் முப்பரிமாண வடிவத்தை எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்தார்கள். உலகிலேயே முதன்முதலில் வடிவம் தெரிந்த என்சைம் இதுதான். ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் இருந்தது. கீ-வேயில் கீ உட்காருவது போல, சர்க்கரைச் சங்கிலி அந்தப் பள்ளத்தில் வந்து உட்காருகிறது. உட்கார்ந்ததும் வெட்டு விழுகிறது. உருவத்துக்கும் வேலைக்கும் உள்ள சம்பந்தம் அன்றைக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

பிறகு ஏன் நமக்கு நோய் வருகிறது?

நியாயமான கேள்வி. ஒரு மில்லி கண்ணீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் லைசோசைம் இருக்கிறது. எச்சிலிலும், தாய்ப்பாலிலும், நுரையீரல் சளியிலும் இருக்கிறது. வாசலுக்கு வாசல் காவல்காரன். அப்படியும் திருடன் வருகிறானே!

வருவதற்கு நான்கு வழி வைத்திருக்கிறான்.

முதலாவது, மழைக்கோட்டு. டைபாய்டு கிருமி, வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலை வகைகள், சூடோமோனாஸ் போன்றவை தங்கள் சுவருக்கு மேலே இன்னொரு சவ்வைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. கத்தரிக்கோல் சுவரைத் தொட முடியாது. தாய்ப்பாலில் இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதம் அந்த மழைக்கோட்டைத் தளர்த்திவிடும். பிறகு லைசோசைம் உள்ளே புகுந்து வெட்டும். இரண்டும் ஜோடி.

இரண்டாவது, பூச்சு. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், தன் சுவரின் சர்க்கரைகள் மேல் ஒரு சிறு ரசாயனப் பொட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு சங்கிலி, கத்தரிக்கோலின் பள்ளத்தில் சரியாக உட்காராது.

மூன்றாவது, கைவிலங்கு. ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்றவை ஒரு சிறு புரதத்தைத் தயாரித்து, லைசோசைமின் பள்ளத்தில் கொண்டுபோய்ச் சொருகிவிடுகின்றன. கத்தரிக்கோலின் வாயில் கட்டையைத் திணித்த மாதிரி. விஞ்ஞானிகள் இதற்கு 'ஐவி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான்காவதுதான் ரொம்ப சுவாரசியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ரிப்போர்ட்டும் அதில் இருந்த 'ஆர்'களும்

"இதெல்லாம் இருக்கட்டும், ஆன்டிபயாடிக் மாத்திரை இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பீர்கள்.

என் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். போன வருடம் காலில் கல் விழுந்து காயம். கடையில் சொல்லி நான்கு மாத்திரை வாங்கிப் போட்டார். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லையே! பத்து நாளில் கால் வீங்கிவிட்டது. மறுபடியும் மாத்திரை, மறுபடியும் பாதியில் நிறுத்தம். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீழை எடுத்து 'கல்ச்சர்' சோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வந்தது. வீட்டில் அதை எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கிருமியின் பெயர் சூடோமோனாஸ் என்று இருந்தது. கீழே வரிசையாக மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எழுத்து. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும். 'ஆர்' என்றால் பணியாது. பன்னிரண்டு மருந்தில் பத்துக்கு 'ஆர்'. மீதி இரண்டும் ஊசி. "என்னடா எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டார். "பத்து மருந்து வேலை செய்யாதாம்மா, ரெண்டு செய்யுமாம்" என்றேன். "ரெண்டு இருக்குல்ல, போதும்டா" என்றார் அம்மா. ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் தப்பியது. அப்பா மறுபடி வேலைக்குப் போகிறார்.

அந்த இரண்டும் 'ஆர்' ஆகியிருந்தால்? இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்கள் நேரடியாகக் காரணமாகி உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக, 2022-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. ஃபிளெமிங்கே 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது, பென்சிலினைக் குறைந்த அளவில் தவறாகப் பயன்படுத்தினால் கிருமிகள் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்திருந்தார்.

அதனால்தான் விஞ்ஞானிகள் பழைய கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். இயற்கை நமக்குக் கொடுத்த ஆயுதத்தைக் கொஞ்சம் திருத்தினால் என்ன?

டிராயிங் ஆபீஸிலிருந்து ஷாப் ஃப்ளோருக்கு

இப்போது நம் பாஷைக்கு வருவோம். செல் என்பது ஒரு தொழிற்சாலை. டி.என்.ஏ. என்பது டிராயிங் ஆபீஸில் பூட்டி வைத்திருக்கும் மாஸ்டர் டிராயிங். அதை ஷாப் ஃப்ளோருக்கு எடுத்துவர மாட்டார்கள். தேவையான பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுப்பார்கள். அந்த நகலுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. நகலைப் பார்த்து ஜாப் செய்கிற மெஷின் ரைபோசோம். செய்து முடித்த ஜாப் புரதம்.

புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த மாலை. மொத்தம் 20 வகை மணிகள். மனித லைசோசைமில் 130 மணிகள் இருக்கின்றன. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பதை டி.என்.ஏ.வில் உள்ள நான்கே நான்கு எழுத்துகள் சொல்கின்றன. மூன்று எழுத்துக்கு ஒரு மணி. ஆக, 130 மணிக்கு 390 எழுத்து. ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும் டிராயிங்!

மனிதனின் டிராயிங்கை வேறு ஒரு தொழிற்சாலையில் கொடுத்தால், அங்கே இருக்கும் மெஷின் அதைப் படிக்குமா? படிக்கும்! எல்லா உயிருக்கும் அதே நான்கு எழுத்து, கிட்டத்தட்ட அதே பாஷை. இதுதான் மரபணுப் பொறியியலுக்கு அஸ்திவாரம்.

1973-இல் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டினார்கள். பாக்டீரியாவுக்குள் 'பிளாஸ்மிட்' என்ற சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. அந்த வளையத்தை ஒரு என்சைமால் அறுத்தார்கள், அதுதான் ஹேக்ஸா. நடுவில் வேறு ஜீனைப் பொருத்தினார்கள். இன்னொரு என்சைமால் ஒட்டினார்கள், அது வெல்டிங். வளையத்தைத் திரும்ப பாக்டீரியாவுக்குள் விட்டார்கள். பாக்டீரியா பெருகப் பெருக வளையமும் பெருகியது. இந்த வழியில் தயாரான மனித இன்சுலின் 1982-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அதற்கு முன் சர்க்கரை நோயாளிகளுக்கு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள்.

லைசோசைமுக்கும் இதே வழிதான், ஆனால் ஒரு சிக்கல். இந்த 130 மணி மாலை சும்மா தொங்கினால் வேலை செய்யாது. சரியாக மடிந்து, நான்கு இடத்தில் கந்தகப் பிணைப்பால் போல்ட் போட்டதுபோல் இறுக வேண்டும். சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் இந்த நான்கு போல்ட்டும் சரியாக விழுவதில்லை. மாலை சிக்குப் பிடித்து உருண்டை உருண்டையாக ஒதுங்கிவிடுகிறது. மேலும் யோசித்துப் பாருங்கள், பாக்டீரியாவைக் கொல்லும் பொருளை பாக்டீரியாவிடமே செய்யச் சொல்வது எப்படிப்பட்ட வேலை! அதனால் ஈஸ்டைப் பிடித்தார்கள். ரொட்டி உப்பவைக்கும் ஈஸ்டின் இனத்தைச் சேர்ந்தவைதான். ஈஸ்ட்டுக்குச் சுவர் வேறு மாதிரி. இந்தக் கத்தரிக்கோல் அதை வெட்டாது. போல்ட்டுகளையும் ஒழுங்காகப் போட்டு, முடிந்த ஜாப்பை வெளியே தள்ளியும் விடும்.

கோழிமுட்டை லைசோசைம் மலிவாகக் கிடைக்கிறதே, சீஸ் கெட்டுப்போகாமல் இருக்கக்கூட அதைச் சேர்க்கிறார்களே, அதையே மருந்தாக்கினால் என்ன? அது நம் உடம்புக்கு அந்நியம். சிலருக்கு அலர்ஜி வரும். மனிதப் புரதம் என்றால் உடம்பு 'நம்ம ஆள்' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். மனிதப் புரதத்தைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம்.

திருத்திய கத்தரிக்கோல்

இப்போது அந்த நான்காவது விஷயம். சில பேருக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் இருக்கும். நுரையீரலில் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும். அந்தச் சளிக்குள் சூடோமோனாஸ் குடியேறி வருடக்கணக்கில் தங்கிவிடும். அங்கே லைசோசைமும் இருக்கிறது. இருந்தும் வேலை செய்ய முடியவில்லை. ஏன்?

எலக்ட்ரிகல் நண்பர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். லைசோசைமின் மேல்பரப்பில் பாசிடிவ் சார்ஜ் அதிகம். நிகரக் கணக்கில் ஏறத்தாழ பிளஸ் 8. பாக்டீரியாவின் மேல்பரப்பு நெகடிவ். எதிர் எதிர் ஈர்க்கும், அதனால் கத்தரிக்கோல் தானாகவே பாக்டீரியாவிடம் போய் ஒட்டும். அருமையான டிசைன். ஆனால் நோயுற்ற நுரையீரல் சளியில் வேறு நெகடிவ் பொருள்களும் குவிந்து கிடக்கின்றன: செத்த செல்களின் டி.என்.ஏ., சளிப் புரதங்கள், சூடோமோனாஸ் சுரக்கும் ஆல்ஜினேட் என்ற பசை. லைசோசைம் அவற்றில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. காந்த முனை வைத்த ஸ்க்ரூ டிரைவரை இரும்புத் தூள் குவியலுக்குள் விட்டால் எப்படி இருக்கும்? திருகாணி வரை போய்ச் சேராது.

அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கார்ல் கிரிஸ்வால்ட் என்பவரின் குழு இதற்கு ஒரு வழி பார்த்தது. காந்தத்தைக் கொஞ்சம் குறைத்தால்? லைசோசைமின் டிராயிங்கில் சில எழுத்துகளை மாற்றி, மேல்பரப்பில் இருந்த பாசிடிவ் மணிகள் சிலவற்றுக்குப் பதிலாக வேறு மணிகளை வைத்தார்கள். வெட்டும் பள்ளத்தை வைத்தது வைத்தபடி விட்டுவிட்டார்கள். ஒன்றல்ல, பல மாதிரிகளைச் செய்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நாம் டூல் பிட்டின் ரேக் ஆங்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எது நன்றாக வெட்டுகிறது என்று பார்ப்போமே, அதே வேலைதான். சார்ஜ் குறைந்த மாதிரிகளில் சில, பசைப் பொருள்கள் நடுவிலும் சிக்காமல் பாக்டீரியாவைக் கொன்றன. 2010-இல் இது வெளியானது. 2013-இல், நுரையீரலில் சூடோமோனாஸ் தொற்று ஏற்படுத்திய எலிகளுக்கு இந்தத் திருத்திய லைசோசைமைக் கொடுத்தபோது, பாக்டீரியாவும் குறைந்தது, வீக்கமும் குறைந்தது என்று அறிவித்தார்கள். 2015-இல், 'ஐவி' என்ற கைவிலங்கில் மாட்டாத இன்னொரு மாதிரியையும் செய்து காட்டினார்கள்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் படித்த அதே பெயரை இந்த ஆராய்ச்சியிலும் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஆட்டுப் பாலிலும் நெல்லிலும்

ஈஸ்ட் டேங்க் மட்டும்தான் தொழிற்சாலையா? இல்லை. தாய்ப்பாலில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் லைசோசைம் இருக்கிறது. ஆட்டுப் பாலில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், மனித லைசோசைம் ஜீன் சேர்த்த பெண் ஆட்டுக்குட்டி ஒன்று 1999-இல் பிறந்தது. பெயர் ஆர்ட்டெமிஸ். அதன் வம்சத்து ஆடுகளின் பாலில் தாய்ப்பாலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லைசோசைம் கிடைத்தது. ஈ.கோலையால் வயிற்றுப்போக்கு வந்த பன்றிக்குட்டிகளுக்கு இந்தப் பாலைக் கொடுத்தபோது சீக்கிரம் தேறின என்று 2013-இல் எழுதினார்கள். குழந்தைகள் வயிற்றுப்போக்கால் அதிகம் அவதிப்படும் வடகிழக்கு பிரேசிலின் சியாரா மாநிலத்து விஞ்ஞானிகளும் இந்த ஆடு ஆராய்ச்சியில் கை கோத்தார்கள்.

இன்னொரு குழு நெல்லைப் பிடித்தது. நெல்மணிக்குள் மனித லைசோசைமும் லாக்டோஃபெரினும் விளையும்படி செய்தார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில், வயிற்றுப்போக்கு வந்த 140 சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. உப்புச் சர்க்கரைக் கரைசலில் இந்த இரண்டு புரதங்களையும் சேர்த்துக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு சராசரியாக 3.67 நாளில் நின்றது. சேர்க்காமல் குடித்தவர்களுக்கு 5.21 நாள். அந்தக் கரைசலின் மகிமை நமக்குத் தெரியும். 1971-இல் வங்காளதேச அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் அதைக் கொண்டு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். ஆனால் கரைசல் நீரிழப்பைத்தான் ஈடு செய்யும், கிருமியைக் கொல்லாது. அந்தக் குறையைப் புரதம் தீர்க்குமா என்பதுதான் கேள்வி.

நாணயத்தின் மறுபக்கம்

"ஆகா, இனி கவலையே இல்லை!" என்று எழுதி முடித்தால் அது விளம்பரம் ஆகிவிடும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா?

பெரு ஆய்வில், இது மரபணு மாற்றிய நெல்லில் செய்தது என்று பெற்றோருக்குப் புரியும்படி சொன்னார்களா என்ற சர்ச்சை பிற்பாடு அங்கே எழுந்தது. மருந்து விளையும் நெல், சாப்பாட்டு நெல்லோடு கலந்துவிட்டால் என்ன செய்வது என்று அமெரிக்க விவசாயிகளும் எதிர்த்தார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். படிக்காதவர்களின் பிள்ளைகள்தானே முதலில் சோதனைக்கு வருகிறார்கள்! காகிதத்தில் கைநாட்டு வாங்குவதும் புரியவைப்பதும் ஒன்றில்லை.

உடம்பின் சொந்தப் புரதம் என்பதால் மட்டும் அது பத்திரமாகிவிடாது. மரபணுப் பொறியியலில் செய்த ஒரு வகை மனித லாக்டோஃபெரினை, ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற பிரிவில்தான் இறப்பு கூடுதலாக இருந்தது. 2012-இல் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். எலியில் ஜெயித்தது மனிதனில் ஜெயிக்கும் என்று எழுதி வைக்கவில்லை. திருத்திய மணிகளை உடம்பு 'அந்நியம்' என்று அடையாளம் காணலாம். பாக்டீரியாவும் சும்மா இருக்காது, புதுக் கைவிலங்கு தயாரிக்கும். புரத மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், விலையும் கூடும். இந்தக் காரணங்களால்தான் திருத்திய லைசோசைம் இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி மருந்துக் கடைக்கு வரவில்லை.

நமக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது நண்பர்களே! ஜீனை மாற்றுவது விஞ்ஞானியின் வேலை. அதன் பிறகு? ஆயிரம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் ஈஸ்டை வளர்க்க வேண்டும். டேங்க்கை வெல்டிங் செய்பவன் வேண்டும். உள் வெல்டில் சின்னப் பள்ளம் இருந்தால்கூட அங்கே வேண்டாத கிருமி குடியேறும். கலக்கிச் சுற்றும் ஷாஃப்டுக்குக் கசியாத சீல் வேண்டும். உஷ்ணமும் அமிலத்தன்மையும் மாறாமல் பார்த்துக்கொள்ள இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்கள் வேண்டும். நீராவி லைன், வால்வு, பம்பு, சுத்தக் காற்று எல்லாமே நம் பாடத்தில் உள்ள விஷயங்கள்.

நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், ஈஸ்டில் தயாரித்த ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை வெளியிட்டது. இந்த முறையில் நம் நாட்டில் உருவான முதல் தடுப்பூசி அது. வெளிநாட்டிலிருந்து வந்து கொள்ளை விலை விற்றுக்கொண்டிருந்த ஊசி, ஏழைக்கும் எட்டுகிற விலைக்கு இறங்கியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய வரபிரசாத் ரெட்டி டாக்டர் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் என்ஜினியர்! அது பாக்டீரியாவைக் கொல்லும் புரதம் இல்லைதான். ஆனால் டிராயிங்கை ஈஸ்டிடம் கொடுத்து ஜாப் வாங்கும் டெக்னிக் அதேதான். நாளைக்கு லைசோசைம் மருந்து வருமானால், அது யாருக்கு எட்டும் என்பதை, அதை மலிவாகச் செய்யும் பிளான்ட்தான் தீர்மானிக்கும். அந்த பிளான்ட் நம் கையில்.

அதுவரை கையில் இருக்கும் மருந்தையாவது காப்பாற்றுவோம். சளிக்கும் ஜலதோஷத்துக்கும் காரணம் பெரும்பாலும் வைரஸ். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, கேட்டு வாங்காதீர்கள். கடையில் சொல்லி இரண்டு மூன்று மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை உங்கள் வீட்டில் நிறுத்துங்கள். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிட வையுங்கள். கூலி போகிறதே என்று பாதியில் எழுந்து போகிற அப்பாக்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ரிப்போர்ட் வந்தால் வாங்கிப் படியுங்கள், புரியாததை டாக்டரிடம் கேளுங்கள். நம்மில் பல பேர் வீட்டில் அதைப் படிக்க நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது.